வெள்ளிக்கிழமையில் கேட்டவள்

இன்றைக்குக் கேட்கப் போகிறேன். கேட்டுவிட்டால் முடிந்தது. இந்த ஊரில் வெள்ளிக்கிழமை யாரும் யாரிடமும் பணம் கேட்கமாட்டார்கள், கடன் வாங்கியவன் எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள், விளக்கேற்றிய இடத்திலிருந்து லட்சுமியை வெளியே கூப்பிடுவது அந்த இடத்துக்குச் சாபம் விடுவது மாதிரி, அது எனக்கும் தெரியும், பாவாடை கட்டத் தெரிவதற்கு முன்பே தெரியும், தெரிந்துதான் இந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறேன், மடியில் பை, பைக்குள் ரசீதுக் கட்டு. சௌபாக்கிய சகாய நிதியின் கூடத்தில் சாம்பிராணிப் புகை இன்னும் அடங்கவில்லை, மின்விசிறி அதைக் கலைக்காமல் சுற்றிச் சுற்றி எங்கள் தலைமேலேயே கொண்டுவந்து போடுகிறது, லட்சுமி படத்துக்குக் கீழே சிவப்பு பல்பு மின்னி மின்னி அணைகிறது, என் நெற்றிப்பொட்டில் ஒரு நரம்பும் அதே தாளத்தில் துடிக்கிறது. எதிரே பெண்கள் வரிசை. தலைக்கு ஊற்றிய ஈரமுடி, நுனியில் ஒரு முடிச்சு, மல்லிகை, மஞ்சள். தறிக்கூடத்துப் பஞ்சு எத்தனை குளித்தாலும் போகாது, காதோரத்தில் நரைபோல ஒட்டிக்கொண்டிருக்கிறது. நேற்று வாங்கிய கூலியில் ஒரு பங்கை வெள்ளிக்கிழமை கட்டினால் பெருகும் என்று இவர்களுக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அவர்தான், உள் அறையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் சொல்லிவைத்திருப்பார். ஜன்னல் இரண்டு, பணம் கட்ட வரவுக்கு ஒன்று, திருப்பி எடுக்கப் பற்றுக்கு ஒன்று, நடுவில் காசாளர் குமரகுருவின் சுழல் நாற்காலி. வெள்ளிக்கிழமை அந்த நாற்காலி வரவுப் பக்கமே திரும்பியிருக்கும். பற்று ஜன்னல் திறந்துதான் இருக்கிறது, திறந்திருக்க வேண்டும் என்று விதி, ஆனால் அதன் முன்னால் யாரும் நிற்பதில்லை, யாரோ ஒருத்தி தன் மழைக்குடையை அங்கே சாத்தி வைத்திருக்கிறாள்.

பணம் தூங்கக் கூடாது என்று குமரகுரு சொன்னான். இங்கே வந்து போக ஆரம்பித்த புதிதில், டீ ஆறிக்கொண்டிருக்க, பெருமை தாங்காமல் அவனே சொன்னான். "நம்ம நிதியில காசு ஒரு ராத்திரிகூட சும்மா படுக்காதுங்கக்கா. வியாழக்கெழமை சாயங்காலம் ரொக்கம் பூரா தறிக்காரங்களுக்குப் போயிரும், அவங்க கூலி போடோணுமில்லீங்க. அந்தக் கூலியில பாதி வெள்ளிக்கெழமை இங்கயே வந்துரும். சனிக்கெழமை துணி பில்லு பாஸானதும் தறிக்காரங்க வட்டியோட கட்டிருவாங்க. எப்புடி?" வெள்ளிக்கிழமை யாராவது வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்றேன். அவன் டீ புரையேறச் சிரித்தான். "வெள்ளிக்கெழமை யாருங்கக்கா கேப்பாங்க!" அந்தச் சிரிப்பை நான் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். சிங்கப்பூரில் என் வேலையே அந்தக் கேள்விதான். கண்ணாடிக் கட்டடத்தில், குளிரில், சால்வை போர்த்திக்கொண்டு, வங்கிக்கு ஆகமோசமான ஒரு நாளைக் கற்பனை செய்ய வேண்டும், எல்லோரும் ஒரே காலையில் வந்து நின்றால் கையில் எவ்வளவு ரொக்கம் இருக்கும், எத்தனை மணிக்கு வற்றும். "உனக்கு மட்டும் எப்படி இவ்வளவு மோசமாக யோசிக்க முடிகிறது?" என்று என் மேலதிகாரி மேடம் லிம் கேட்பார். பாராட்டாகத்தான் கேட்பார். உலகம் முழுவதும் வங்கிகள் ஒன்றையொன்று நம்பாமல் போன அந்த வருஷம், ஒரு சாயங்காலம், எங்களிடம் கடன் வாங்கியிருந்த வேறொரு வங்கிக்குத் தொலைபேசியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன், நாளைக்குக் கடனைப் புதுப்பிக்கவில்லை, எங்கள் பணத்தை அனுப்பிவிடுங்கள். அந்தப் பக்கம் இருந்தவனின் மூச்சு மட்டும் கேட்டது. முகம் தெரியாது. முகம் தெரியாமல் கேட்பது எவ்வளவு சுலபம், எச்சில் விழுங்குவது மாதிரி. இங்கே முகம் தெரியும். அதற்காகத்தானே வந்தேன்.

ஊருக்குத் திரும்பி வந்த மாதமே அம்மாவின் வீட்டை விற்ற பணத்தையும் என் சேமிப்பில் பெரும்பகுதியையும் இங்கே கொண்டுவந்து போட்டேன். முதிர்வு நாள் வெள்ளிக்கிழமையில் விழ வேண்டும் என்று காலண்டரை வைத்துக்கொண்டு பார்த்துப் போட்டேன், கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறவளைப்போல. பிரசிடெண்ட் அர்த்தநாரி அன்றைக்கு உள் அறையைவிட்டு எழுந்து வந்தார். ஒரே ரசீதாகப் போட்டால் ரொக்கமாகத் திருப்பித் தர முடியாதாம், காசோலை, வருமானவரி, கேள்வி என்று வருமாம், அதனால் சட்டத்தின் கண்ணில் படாத அளவுக்குச் சின்னச் சின்ன ரசீதுகளாகக் கிழித்துத் தரச் சொன்னார். "எல்லாம் உங்க நல்லதுக்குத்தானுங்க அம்மிணி." சிங்கப்பூர் என்றதும் யார் மகள் என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. இந்த ஊரில் தண்ணீர் கேட்டாலே யார் மகள் என்றுதான் கேட்பார்கள். பணம் கேள்வியை விழுங்கிவிடும்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அப்பா முதல் தறிக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார். நான் பரீட்சைக்குப் போக வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன், ஒரு கால் செருப்பு கிடைத்துவிட்டது, இன்னொன்று பாவு நூல் சுற்றிய உருளைக்கு அடியில். அந்த வாரம் ஈரோட்டில் ஒரு சீட்டுக் கம்பெனிக்காரன் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போயிருந்தான், அந்தப் பயம் ஆற்றைத் தாண்டி இங்கேயும் வந்துவிட்டது, வியாழக்கிழமை சனம் மொத்தமும் நிதியின் வாசலில் நின்று தங்கள் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. நிதியின் கை காய்ந்துவிட்டது. அப்போது அர்த்தநாரி செக்ரட்டரி. வெள்ளிக்கிழமை காலையில் ஜீப்பில் வந்து இறங்கினார், கூட இரண்டு ஆட்கள், ஒருவன் கையில் புதுப் பூட்டு. "செங்கோடா, பணத்தை எடுத்து வை." அப்பாவின் கையில் சூடத்தட்டு எரிந்துகொண்டிருந்தது. "அண்ணா, வெள்ளிக்கெழமைங்க." "நிதியே கவுந்துரும்போல கெடக்குது, வெள்ளி என்னடா சனி என்ன." "நாளைக்குத் துணி போகுதுங்கண்ணா, பேலு கட்டி வச்சிருக்கறேன், பாருங்க, நாளைக்கு மத்தியானம் மொத்தமாக் கட்டிர்றேன்." துணி மூட்டைகள், பேல்கள், கட்டித்தான் இருந்தன. நான் அவற்றின்மேல் உட்கார்ந்துதான் படித்தேன். நிதியில் வாங்கிய கடனைப்போல இரண்டு மடங்கு துணி அங்கே கிடந்தது. அப்பாவிடம் அன்றைக்கு இல்லாமல் போனது ஒரே ஒரு நாள். பின்னால் நான் ஆங்கிலத்தில் தடிதடியான புத்தகங்களில் படித்ததெல்லாம் இதைத்தான், சொத்து இருப்பது வேறு, அந்த நேரத்தில் கையில் ரொக்கம் இருப்பது வேறு, திவால் வேறு, பணமுடை வேறு. படித்துக்கொண்டிருக்கும்போதே சூடத்தின் வாசம் வரும், வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகத்தில், சுற்றிலும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். சத்தம் நிற்க நிற்க என் காது வலித்தது. துணியையும் உள்ளே வைத்துப் பூட்டினார்கள். எட்டுத் தறியும் ஏலத்துக்குப் போனது, ஏலத்துக்கு வந்த ஒரே ஆள் அர்த்தநாரியின் மச்சினன். அதற்குப்பின் அப்பா யாரிடமும் எதையும் கேட்டதில்லை. சோற்றில் உப்பு இல்லையென்றால் உப்புக் கேட்கமாட்டார். ஆஸ்பத்திரியில் கடைசியாக நாக்கு வறண்டு கிடந்தபோதும் தண்ணீர் கேட்கவில்லை, நாங்களாகப் பார்த்துக் கொடுத்தால் குடித்தார், பார்க்காவிட்டால் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்துவிட்டேன் போலிருக்கிறது. கால்தான் எழுந்தது. பற்று ஜன்னலுக்கு முன்னால் சாத்தியிருந்த குடையை எடுத்துச் சுவரோரம் வைக்கிறேன். முதல் ரசீதை உள்ளே நீட்டுகிறேன். குமரகுரு எதிர்ப்பக்கம் எண்ணிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். "என்னுங்கக்கா, புதுப்பிக்கறதுக்குங்களா? சனிக்கெழமை வாங்க, நெரப்பறதுக்குப் பாரம் குடுக்கறேன்." புதுப்பிக்கவில்லை. பணம் வேண்டும் என்றேன். "எப்போங்க?" இப்போது. அவன் ரசீதைப் பார்த்தான், லட்சுமி படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வெளிநாட்டில் இருந்து வந்தவளுக்குக் கிழமை மறந்துவிட்டது என்று அவனாகவே எனக்கொரு மன்னிப்பைத் தயார் செய்தான். "இன்னைக்கு வெள்ளிங்கக்கா." தெரியும் என்றேன். இது என் குரல்தானா. பக்கத்து வரிசையில் இருந்த பெண்ணின் கை ரூபாயோடு அப்படியே நின்றது. குமரகுரு எழுந்து உள்ளே போனான், திரும்பி வந்து, "பிரசிடெண்ட் உங்களை உள்ள வரச் சொன்னாருங்க" என்றான், இந்தத் தடவை அக்கா இல்லை.

உள்ளே குளிர்சாதனம், ஊதுபத்தி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் பேரப்பிள்ளைகளின் படங்கள். வயதாகிவிட்டது அவருக்கு. இதை நான் எதிர்பார்க்காமல் இல்லை, ஆனாலும் கோபம் வந்தது, வயதாகி என்னிடமிருந்து பாதி தப்பித்துவிட்ட மாதிரி. காதில் முடி வளர்ந்திருந்தது. "உக்காருங்க அம்மிணி. நாளைக்குக் காலையில நானே கொண்டாந்து ஊட்லயே குடுத்துர்றேன், ஒரே கட்டா." இன்றைக்கு வேண்டும். "ஏதாவது ஆஸ்பத்திரிச் செலவுங்களா?" இல்லை. அவர் பேனாவை மூடினார். "வெள்ளிக்கெழமை கேக்கலாமுங்களா? உங்க ஊட்ல இதெல்லாம் சொல்லிக் குடுக்கலையா?" எத்தனையோ ராத்திரி இந்த உரையாடலை நான் தனியாக நடத்திப் பார்த்திருக்கிறேன், சிங்கப்பூரில், பாத்திரம் கழுவும்போது, ரயிலில், ஒருதடவைகூட அவர் இதைச் சொன்னதில்லை, இதைவிட நல்ல வசனம் எனக்கு யாரும் எழுதித் தந்திருக்க முடியாது. "சொல்லிக் குடுத்தாங்க மாமா" என்றேன். மாமா என்று வாயில் வந்துவிட்டது, சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிடுவேன். "எங்க அப்பா பேரு செங்கோடன். அவருகிட்ட நீங்க வெள்ளிக்கெழமைதான் கேட்டீங்க." சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் அது போய் இறங்கும் இடத்தைப் பார்ப்பதற்காகத்தான் இத்தனை வருஷம். அவர் புருவத்தைச் சுருக்கினார். நிஜமாகவே தேடினார். "எந்தச் செங்கோடன்? இந்த ஊர்ல பாதிப்பேரு செங்கோடன்தானுங்களே." ஆற்றோரத் தறிக்கூடம் என்றேன். "எத்தனை தறி?" எட்டு. "அட, அந்த எட்டுத் தறியா!" முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல தறி. கோயமுத்தூர்ல வாங்குனது. மச்சினன் இப்பத்தான் பழைய இரும்புக்குப் போட்டான். அது உங்கப்பன்துங்களா?" தறிகள் நினைவிருக்கின்றன. ஆள் இல்லை. எதைக் கொண்டுபோய் எங்கே குத்துவது? கூடத்தில் நான் கத்திவிடுவேனோ என்று அவருக்குப் பயம் வந்திருக்க வேண்டும், மணியை அடித்தார். "குமரா, டிராயர்ல இருக்கறதைக் குடு. மிச்சம் வர வரக் குடு. எத்தனை ரசீது வச்சிருக்கறாங்களோ அத்தனைக்கும்." பிறகு என்னிடம், நட்டமாகிப்போன வியாபாரத்தை முடிக்கும் குரலில், "உங்க ஆசையை எதுக்குங்க கெடுக்கோணும்."

முதல் சில ரசீதுகளுக்கு டிராயரில் இருந்தது. குமரகுரு எண்ணினான், நீட்டினான், நான் பையில் போட்டேன். அடுத்த ரசீதை நீட்டியபோது டிராயரை முழுதாக இழுத்துப் பார்த்தான், பிறகு அந்தச் சுழல் நாற்காலியை வரவுப் பக்கம் திருப்பினான். ஒரு பெண் கொடுப்பாள், எண்ணுவான், பாஸ்புக்கில் முத்திரை, நாற்காலி என் பக்கம் திரும்பும், அந்தப் பணம் என் கணக்கில் சேர்ந்து அடுக்காக உயரும், மறுபடி அந்தப் பக்கம். கிரீச், முத்திரை, கிரீச். இதை நான் யோசிக்கவில்லை. ஆகமோசமான நாட்களை வரைவதில் தேர்ந்தவள் நான், இதை வரையவில்லை. பணம் கொடுக்க முடியாமல் அவர் திணறுவார், வெளியே ஓடி வருவார், கும்பிடுவார் என்று வரைந்தேன். அவருடைய பணம் எங்கே இருக்கிறது, வீடு மருமகள் பேரில், தோட்டம் பேரன் பேரில், இந்தக் கூடத்தில் அவருடையது என்று அந்த மின்விசிறிகூட இல்லை. வருவதெல்லாம் இவர்களுடையது. இடுப்பில் செருகியிருந்த சூட்டோடு வரும் நோட்டு, மஞ்சள் கறை, மடித்து மடித்துக் கிழியப்போகும் ஓரம். போதும் என்று சொல்லலாம். சின்ன வார்த்தை. மீதியை நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றால் எல்லாம் அப்படியே நின்றுவிடும், சனிக்கிழமை தறிக்காரர்கள் கட்டுவார்கள், நிதி பிழைக்கும், அவரும் பிழைப்பார், எட்டுத் தறியை மட்டும் நினைவு வைத்துக்கொண்டு நிம்மதியாகச் செத்தும் போவார். அதுதான் முடியாது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்துக்கொண்டேன்.

"செங்கோடண்ணன் மவதான நீயி?" வரிசையில் ஜன்னலை எட்டிவிட்ட ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், சதை வற்றிய முகம், மூக்குத்தி மட்டும் பளிச்சென்று. "நாந்தான் பாவாயி. உங்க தறியில நூல் தார் சுத்துனனே. உனக்கு சடை பின்னி உட்டிருக்கறன், மறந்துட்டயா?" மறக்கவில்லை. பாவாயியின் விரல்கள் தலையில் ஓடினால் தூக்கம் வரும். "அந்த மூக்கு, நெத்தி, அப்புடியே உங்கப்பன். என்ன மனுசன் தெரியுமா, அந்த வாரம் ஊரே பணமில்லாமக் கெடக்குது, ஒரு தறிக்காரனும் கூலி போடலை, உங்கப்பன் மட்டும் எங்களுக்கு முழுக்கூலி குடுத்தாரு. மக்யா நாளு வெள்ளிக்கெழமை காலையில பூட்டீட்டாங்க." தெரியும், தெரியும், அதற்கு மேலும் எனக்குத் தெரியும், பாவாயிக்குத் தெரியாதது. பூட்டுவதற்கு முன்னால் அர்த்தநாரி ஒரு மணி நேரம் கெடு கொடுத்திருந்தார். அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நேற்றுக் கொடுத்த கூலி எங்கேயும் போயிருக்காது, பாவாயியிடமும் மற்றவர்களிடமும் கேளுங்கள், ஒரு நாளைக்குக் கேளுங்கள், கொடுக்காமலா போவார்கள், அதைக் கொண்டுபோய்க் கட்டினால் பாதியாவது குறையும், பூட்டைத் தள்ளிப் போடுவார்கள். அப்பா சொன்னார், வெள்ளிக்கிழமை அந்தப் புள்ளைங்ககிட்டப் போயி நிக்கச் சொல்றயா. அவ்வளவுதான். எட்டுத் தறியையும் அந்த ஒரு வாக்கியத்துக்குக் கொடுத்தார். பாவாயி ரூபாயை ஜன்னலுக்குள் நீட்டினாள். மருமகளுக்கு வளைகாப்பு வருகிறதாம், அதற்குச் சேர்க்கிறாளாம், சொல்லிக்கொண்டே நீட்டினாள். வேண்டாம், மடக்கு, கையை மடக்கு பாவாயி. குமரகுரு எண்ணினான். முத்திரை. கிரீச். அவளுடைய நோட்டுகள் என் அடுக்கின்மேல் உட்கார்ந்தன, அதோடு அந்த ரசீதின் தொகை நிறைந்தது, மொத்தத்தையும் என் பக்கம் தள்ளினான். என் கை எடுத்தது. சூடாக இருந்தது. பையில் போட்டேன்.

பாவாயிக்குப் பின்னால் நின்ற இளம்பெண் அதைப் பார்த்துவிட்டாள். அவள் கை ஜன்னலுக்குப் பாதி தூரத்தில் இருந்தது. அந்த ஜன்னலில் போன நோட்டு இந்த ஜன்னலில் வந்ததைப் பார்த்தாள், டிராயர் வாயைத் திறந்து காலியாகக் கிடப்பதைப் பார்த்தாள், கையை மெதுவாக இழுத்து, ரூபாயை முந்தானையில் வைத்து முடிந்தாள். "நான் நாளைக்குக் கட்டிக்கறனுங்க" என்றாள் குமரகுருவிடம், மிக மரியாதையாக. அடுத்தவள் செருப்பைத் தேடினாள். அதற்கடுத்தவள் தன் குடையை எடுத்துக்கொண்டாள். ஒருத்திகூடக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, இன்றைக்குக் கேட்க மாட்டார்கள், ஆனால் கொடுக்காமல் இருப்பதற்குக் கிழமை கிடையாது. வரிசை, பாவில் ஒரு இழை அறுந்தால் மற்றதும் தளர்ந்து சரிவதுபோல, சத்தமில்லாமல் கலைந்தது. மத்தியானத்துக்குள் கடைவீதிக்குத் தெரியும், சாயங்காலம் பவானிப் பாலத்தைத் தாண்டும், நாளைக் காலையில் இந்த வாசலில் சனம் எப்படி நிற்கும் என்று எனக்கு மணிக்கணக்கோடு சொல்ல முடியும். அறைக்கதவு திறந்து அர்த்தநாரி வெளியே வந்தார், ஒரு கால் செருப்போடு. அவருக்கும் புரிந்துவிட்டது. "அம்மா, கட்டிட்டுப் போங்கம்மா, ஏங்கண்ணு, பணமெல்லாம் பத்திரமா இருக்குது, கட்டிட்டுப் போங்க" என்று கையை நீட்டிக்கொண்டே வாசல்வரை போனார். வெள்ளிக்கிழமை காலையில் கூலிப் பெண்களிடம் கையேந்தினார். யாரும் திரும்பவில்லை. இதைத்தான் பார்க்க வந்தேன், பார்த்தேன், கண்கொட்டாமல் பார்த்தேன், நெஞ்சுக்குள் எங்கோ எட்டுத் தறியும் ஒரே சமயத்தில் ஓட ஆரம்பித்தன. இனிமேல் செங்கோடன் யார் என்று அவருக்கு மறக்காது.

பாவாயி மட்டும் போகவில்லை. முத்திரை மை காயாத பாஸ்புக்கை விரித்துப் பிடித்தபடி நிற்கிறாள். காலி டிராயரைப் பார்த்தாள், பிறகு என் பையைப் பார்த்தாள், பிறகு தரையை. அவளுக்குக் கணக்குத் தெரியும், தார் எண்ணியவள். அவள் கொடுத்தது இந்தப் பையில் ஒரு மூலைகூட இல்லை, மேலாகத்தான் கிடக்கிறது, எடுத்து நீட்டினால் அரை நிமிஷம். ஆனால் நீட்டினால் வாசலில் நிற்கிற அந்த மனுஷன் பார்ப்பார், நான் இளகிவிட்டேன் என்று நினைப்பார், அந்த ஒரு நிமிஷத்தைக்கூட அவருக்குத் தர எனக்கு மனமில்லை. அவளாகக் கேட்கட்டும். கேட்டால் கொடுத்துவிடுகிறேன். கேளு பாவாயி, ஒரு வார்த்தை, என் பணத்தைக் குடு என்று கேளு, திட்டிக்கொண்டாவது கேளு. அவள் உதடு அசைந்தது.

"மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கெடக்குதே கண்ணு," என்றாள். "தண்ணி குடிக்கறயா?"

நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.